கொடுக்கு மட்டும் போதும்

"அக்கா, இனிமே நண்டுச் சதை வேணாம். கொடுக்கு மட்டும் அனுப்புங்க. ஓடு ஒடையாம, செவப்பா, முழுசா இருக்கணும்."

காலை நாஷ்டாவுக்கு உட்காரும்போது இந்தப் போன் வந்தது. பேசியவர் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு ஹோட்டலின் புதிய சமையல்காரர். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. சதை வேண்டாம், கொடுக்கு மட்டும் வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? கோழிக்கடையில் போய் யாராவது கறி வேண்டாம், கால் நகம் மட்டும் கொடு என்று கேட்பார்களா? இட்லித் தட்டைத் தள்ளிவைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் சாப்பாடுதான் நிற்கும்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் நான் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அங்கே நண்டை வேகவைத்து, ஓடு உடைத்து, சதையைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் போட்டு ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறோம். நண்டு பழவேற்காட்டிலிருந்து வருகிறது. அனுப்புகிறவர் என் அண்ணன். எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நண்டு வியாபாரம். இரண்டு கொடுக்கும் முழுசாக இருக்கும் நண்டை உயிரோடு கட்டி, கூடையில் அடுக்கி, விமானம் ஏற்றிச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு கொடுக்கு போன நண்டை அந்த ஊர்க்காரன் தொடமாட்டான். உள்ளே சதை அப்படியே இருந்தாலும் நொண்டி நொண்டிதானாம். அந்த நண்டெல்லாம் பொன்னேரி வழியாக என் ஷெட்டுக்கு வரும்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் நண்டு சாப்பிட்டதில்லை. என் அண்ணனும் சாப்பிட்டதில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் நண்டு ஏறியதே கிடையாது. எல்லா முஸ்லிம் வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரிலேயே அடுத்த தெருவில் நண்டுச் சால்னாவைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கூடாது என்று வாப்பா சொல்லிவிட்டார், அவருடைய வாப்பாவும் அப்படித்தான் சொல்லியிருந்தார். விற்கலாம், தின்னக்கூடாது. ஏன் என்று கேட்டால் உம்மா கரண்டியைக் காட்டுவார்.

வாங்க வருகிறவர்களிடம் இதை மூச்சுவிடமாட்டேன். தான் தின்னாத சரக்கை விற்கிறாள் என்று தெரிந்தால் எவன் வாங்குவான்? ருசி பார்ப்பதற்கு என் கூட்டாளி இருக்கிறாள். திருப்பாச்சூர்ப் பக்கம். அப்பா அம்மா வயல் வேலை செய்தவர்கள். இவள் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக நின்றுகொண்டே பெட்டி ஒட்டிக் கால் வீங்கி வெளியே வந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானம் நண்டுக் குழம்பு வைக்காவிட்டால் அவளுக்கு ஞாயிறே இல்லை. ஒவ்வொரு கொப்பரை வெந்ததும் ஒரு துண்டை வாயில் போடுவாள். "நல்லா கீதுக்கா" என்றால் பெட்டிக்குப் போகும். முகத்தைச் சுளித்தால் குப்பைக்குப் போகும். நான் வாசத்தை வைத்துக் கெட்டதா நல்லதா என்று சொல்வேன். ருசி அவள் இலாகா.

அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது என் வாய்ச்சொல் ஒன்றுதான். நண்டு மோசமான சரக்கு. வெளியே பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும், உடைத்தால் உள்ளே வெறும் தண்ணி இருக்கும். சட்டை உரித்து, புது ஓடு போட்ட நண்டு அப்படித்தான். அதை உடைத்துப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். "அந்தப் படகு நண்டு பூரா தண்ணிண்ணே" என்று போனில் சொல்வேன். அண்ணன் மறுபேச்சுப் பேசமாட்டார். அந்தப் படகுக்காரரிடம் போய் நேராகவே சொல்லிவிடுவார். ஒரு நாள்கூட ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்த்ததில்லை. மீன் ஏலக் கூடத்தில் தன் நிழலையே நம்பாத மனுஷன், தங்கச்சி சொன்னால் கேள்வி கேட்கமாட்டார். இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு கௌரவம் இருந்தது என்றால் அது அதுதான்.

இனி ஹோட்டல் கதைக்கு வருகிறேன். அங்கே முதலில் இருந்தவர் ஜப்பான்காரர். இங்கே கம்பெனிகளுக்கு வந்து மாசக்கணக்கில் தங்கும் அவர் ஊர் இன்ஜினியர்களுக்குச் சமைக்கவென்றே வந்தவர். என் ஷெட்டைத் தேடிக்கொண்டு அவரே வந்தார். வெந்த நண்டை வாங்கி, கையாலேயே பிய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். பிறகு தலையை ஆட்டினார். பேரமும் பேசவில்லை. கொடுக்கு ஒன்றா இரண்டா என்று எண்ணவும் இல்லை. அன்றைக்கே மனசுக்குள் அவருக்கு ஒரு சலாம் போட்டேன்.

ஒரு நாள் பெட்டியைக் கொடுக்கப் போனபோது அவர் செய்வதைப் பார்த்தேன். சுஷி என்று சொன்னார்கள். ஆறின சோற்றில் வினிகர், சர்க்கரை, உப்பு. அந்த வினிகர் சமாச்சாரத்தை நான் துருவித் துருவிக் கேட்டுவிட்டேன், அதில் சாராயம் ஒன்றும் இல்லை என்று பாட்டிலைக் காட்டினார்கள். சோற்றைக் கையில் எடுத்து ஒரு வாய்க்கு ஆகிற அளவுக்கு உருட்டி, மேலே என் நண்டுச் சதையை வைத்து, ஒரு கறுப்புத் தாளைச் சுற்றிலும் கட்டினார். கடல்பாசி என்றார் பக்கத்தில் இருந்த பையன். நோன்பு மாசத்தில் நாங்கள் பாலில் காய்ச்சி, சர்க்கரை போட்டு, தட்டில் உறையவைத்து வெட்டுவோமே, அந்தக் கடல்பாசியைத்தான் எனக்குத் தெரியும். இது கார்பன் பேப்பர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். என் நண்டு மேலே இருந்தது. வெள்ளையாக, ஓரத்தில் சிவப்போடு, மேலே ஒன்றும் ஊற்றாமல் இருந்தது. பார்க்கிற எவனும் நண்டு என்று சொல்லிவிடுவான்.

அவர் ஊர் திரும்பினார். ஹோட்டலுக்கு இந்தப் புது ஆள் வந்தார். பள்ளிப்பட்டுக்காரர். அமெரிக்காவில் ஒரு சுஷிக் கடையில் பல வருஷம் வேலை செய்தவர். அந்தக் கடைக்கு முதலாளி கொரியாக்காரராம், கூட நின்று உருட்டியவர்கள் மெக்சிகோக்காரர்களாம், ஜப்பான்காரர் ஒருவர்கூடக் கிடையாதாம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நாள் சதையை ஒழுங்காக வாங்கினார். பிறகுதான் இந்தக் கொடுக்கு மட்டும் போதும் என்கிற போன்.

கேட்டபடி கொடுக்கு அனுப்பினோம். சதை ஷெட்டில் தேங்கியது. திருவள்ளூரில் இரண்டு ஹோட்டல்காரர்கள் பாதி விலைக்குக் கேட்டார்கள். கூட்டாளி தன் வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுபோனாள். "நண்டு துன்னு துன்னு எங்கூட்டுப் பசங்களுக்கு நண்டே வெறுத்துப்போச்சுக்கா" என்றாள். ஒரு மத்தியானம் அவளையும் இழுத்துக்கொண்டு, கொடுக்குப் பெட்டியைக் கொடுக்கிற சாக்கில் ஹோட்டல் சமையல்கட்டுக்குள்ளேயே போய்விட்டேன்.

மேடையில் நீளமாக ஒரு ரோல் சுற்றி வைத்திருந்தார். கடல்பாசித் தாளைக் காணோம். சோறு வெளியே இருந்தது, தாள் உள்ளே ஒளிந்திருந்தது. உள்ளே பட்டர் ஃப்ரூட், வெள்ளரிக்காய், ஏதோ ஒரு வெள்ளை வெண்ணெய். மேலே மயோனைஸ். அதற்கும் மேலே சிவப்பாக ஒரு காரச் சாஸைக் கோலம் மாதிரி இழுத்துவிட்டு, பொரித்த தூளையும் தூவியிருந்தார். எல்லாவற்றுக்கும் உச்சியில், தேரில் கலசம் வைப்பதுபோல, என் நண்டுக் கொடுக்கு ஒன்று.

"உள்ள நண்டு எங்க?" என்றேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினார். ஒரே அளவில், ஒரே மாதிரி, வெள்ளைக் குச்சிகள். ஒரு பக்கம் சிவப்புச் சாயம். கூட்டாளி ஒன்றை எடுத்துக் கடித்தாள். இரண்டு தரம் மென்றாள். அப்புறம் உள்ளங்கையில் துப்பினாள்.

"இதுல நண்டு மயிரளவுகூட இல்லக்கா. மீனு. மீன மாவா அரச்சு சர்க்கர போட்டுக் கீறாங்க."

மெனு அட்டையை வாங்கிப் பார்த்தேன். 'பழவேற்காடு நண்டு ரோல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

என் ஊர்ப் பெயர். முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் ஏரி. அந்த ஏரியில் இடுப்பளவு சேற்றில் நின்று பிடித்த நண்டு ஷெட்டில் கிடந்து வீணாகிறது. இங்கே எங்கிருந்தோ வந்த மீன் மாவுக்கு எங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டி, எங்கள் நண்டின் கொடுக்கையே மேலே நட்டு விற்கிறார்கள். கத்தினேன். சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"இன்னாக்கா நீங்க, இதுக்குப் போயி டென்சனாவுறீங்க" என்றார் பள்ளிப்பட்டுக்காரர். "நெஜ நண்டு போட்டா திருப்பி அனுப்புறாங்க. வாசன வருதுன்னு ஒருத்தர் சொல்றார். ஓட்டுத்துண்டு பல்லுல மாட்டுதுன்னு இன்னொருத்தர். போன வாரம் ஒரு குடும்பம் இது நண்டே இல்ல, நண்டுன்னா செவப்புக் கோடு இருக்கும்னு சண்ட போட்டுப் போனாங்க. அவங்க நண்டு பாத்ததே இந்தக் குச்சியிலதான். நான் இன்னா பண்றது?"

"அமெரிக்காக்காரன் கெடுத்துட்டான்னு சொல்லுங்க."

"அவங்க கெடுக்கலக்கா. அங்க ஆரம்பத்துல இந்தக் கறுப்புத் தாளப் பாத்தாலே அருவருப்புப் படுவாங்களாம். அத்தக்கொண்டி தாள உள்ள போட்டு, சோத்த வெளிய போட்டாங்க. கொழுப்பு மீனு கெடைக்கல, பட்டர் ஃப்ரூட்டு வெச்சாங்க. எல்லாம் அந்தந்த ஊருக்குத் தக்கன பண்ணதுதான்." அப்புறம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். அதைக் கேட்டதும் என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. "இந்தக் குச்சி இருக்கே, இத்தக் கண்டுபிடிச்சதே ஜப்பான்காரங்கதான். அமெரிக்காக்காரங்க இல்ல."

எனக்கு அது பொறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் நண்டைத் தின்ற அந்த மனுஷனின் நாட்டிலா இந்தச் சாயக்குச்சி பிறந்தது? அதுவும் போகட்டும். இங்கே தங்கியிருக்கும் இளவட்ட ஜப்பான் இன்ஜினியர்களே இந்த மயோனைஸ் ரோலைத்தான் கேட்டு வாங்கித் தின்கிறார்களாம். இந்தச் சுஷி அவர்கள் ஊரிலிருந்து கிளம்பி, அமெரிக்கா போய், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மறுபடி அவர்கள் ஊருக்கே போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்திருக்கிறது. போகிற இடமெல்லாம் அது மாறலாம். கொரியாக்காரர் மாற்றலாம், மெக்சிகோக்காரர் மாற்றலாம், அதற்குப் பெயர் ஸ்டைல். போன வருஷம் என் கூட்டாளி அந்த ஜப்பான்காரரிடம், சோற்றின் மேல் கொஞ்சம் மிளகுத்தூள் தூவிப் பார்க்கலாமே என்று ஆசையாகச் சொன்னபோது ஹோட்டல் மேனேஜர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சாமி சிலைமேல் எச்சில் துப்பியது போல. நாம் மிளகு போட்டால் கெடுத்துவிட்டோம். அவர்கள் நண்டையே எடுத்துவிட்டால் ஸ்டைல். எவனிடம் போய் இந்த நியாயத்தைக் கேட்பது?

"மாத்திக்கோ. மயோனைஸ ஊத்து, கோலம் போடு, எண்ணெயில பொரி. எனக்கின்னா வந்துச்சு? நண்டு ரோல்னா நண்டு இருக்கணும். எங்க ஊரு பேரு போட்டா எங்க ஊரு நண்டு இருக்கணும். இல்லன்னா மீன் குச்சி ரோல்னு எழுது. இன்னிலேருந்து கொடுக்கும் கெடையாது" என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். கூட்டாளியின் முகத்தை நான் பார்த்திருக்கவேண்டும். நான் ரோட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அண்ணன் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார், ஐஸ் கம்பெனியில் ஏதோ வேலையாக. பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டேன். அவர் நம்பவில்லை.

"மீன அரச்சு நண்டுன்னு விக்கிறாங்களா? துன்றவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியலண்ணே. வா, வந்து உன் கண்ணால பாரு. ஊரு பேரு போட்டுக் கீறான்."

"நமக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு? நாம துன்றதில்ல, வித்தோம் போனோம்."

"நீ துன்னலாம்ணே. அதுதான் கூத்து. அதுல துளி நண்டு இல்ல. வாப்பா இருந்தா அவரே துன்னலாம்."

கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் சொன்னதும் எனக்கே அது பிடித்துவிட்டது. ஜென்மத்தில் நண்டு தின்னாத எங்கள் வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டுபோய், அந்த ஹோட்டல் நடுவில் உட்காரவைத்து, 'பழவேற்காடு நண்டு ரோல்' தின்னவைப்பது. இதைவிட அந்தப் பித்தலாட்டத்துக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ஊருக்குப் போய் ஏலக் கூடத்தில் அண்ணன் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு கொதிப்பார்கள். அன்றைக்குக் கூட்டாளி லீவு. மகளின் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்றாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஹோட்டலில் ஏ.சி. உயிரை வாங்கியது. அண்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நண்டு ரோல் ஒன்று சொன்னேன்.

தட்டு வந்தது. அதே சோறு, அதே கோலம், அதே பொரித்த தூள். மேலே கொடுக்கு இல்லை.

"பாத்தியாண்ணே, நான் நிறுத்துனதும் அந்த ஒண்ணும் போச்சு. இப்ப சுத்தமான பித்தலாட்டம்."

அண்ணன் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வினிகர்னு சொன்னியே…"

"நானே பாட்டிலப் பாத்தேன். வெறும் வினிகரு."

"நண்டு?"

"ஒரு துளிகூட இல்ல. நான் சொல்றேன் இல்ல?"

அவர் தயங்குவதைப் பார்த்து நானே முதலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். புளிப்பு, இனிப்பு, மயோனைஸின் வழவழப்பு, பொரித்த தூளின் மொறுமொறுப்பு, பிறகு காரம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்ததில் உள்ளே எது என்னவென்று நாக்குக்குப் பிடிபடவில்லை. ஏதோ மெத்தென்று, லேசாக இனித்தது. மீன்மாவுக்கு இவ்வளவு ருசியா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. வாசம் வந்ததா என்று கேட்கிறீர்களா? நண்டு வாசம் என் விரலில், முந்தானையில், தலைமுடியில் எந்நேரமும் இருக்கும். அதை நான் எங்கே தனியாக மோப்பம் பிடிப்பது?

அண்ணன் 'பிஸ்மில்லா' சொல்லி ஒரு துண்டை எடுத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்காகக் கூட்டிவந்த மனுஷன் ரசித்துத் தின்கிறார்.

"நல்லாத்தான் கீது" என்றார். "இன்னா மீனு இது?"

"இன்னா மீனோ. அரச்சு, சாயம் பூசி, குச்சியா உருட்டி வெக்கிறாங்க" என்று தொடங்கி, அமெரிக்கா, கறுப்புத் தாள், ஜப்பான்காரன் எல்லாவற்றையும் ஒரு பாட்டம் கொட்டினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கேட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தார். கடைசித் துண்டை என் பக்கம் தள்ளினார். நான் வேண்டாம் என்றேன். அதையும் அவரே சாப்பிட்டார்.

அப்போது பள்ளிப்பட்டுக்காரர் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அண்ணனுக்கு வணக்கம் வைத்தார்.

"அக்கா, இப்ப சந்தோசமா? குச்சி இல்ல. பூரா உங்க நண்டுதான். காலையில உங்க கூட்டாளி ஒரு பெட்டி கொண்டாந்து, ஒரு தபா இத்தப் போட்டுப் பாருங்கன்னு குடுத்துட்டுப் போனாங்க. நீங்க அண்ணனக் கூட்டிக்கினு வந்தீங்களா, முதல் ரோலு உங்களுக்குத்தான்னு ஸ்பெசலாப் போட்டேன். எப்டி கீது நைனா?"

நைனா என்றது என் அண்ணனைப் பார்த்து.

யாரைத் திட்டுவது? அந்த ஆள் நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறார். மரியாதை செய்வதாக நினைத்துச் செய்திருக்கிறார். நாங்கள் நண்டு தின்னமாட்டோம் என்பதை அவரிடமிருந்து மறைத்தவளும் நான்தான். அந்த ஜப்பான்காரர் மாதிரி நண்டை மேலே வைத்திருந்தால் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இவர்கள் செய்கிற ரோலில் உள்ளே குச்சி இருந்தாலும் தெரியாது, நண்டு இருந்தாலும் தெரியாது.

அண்ணன் தண்ணீரைக் குடித்தார். கையைத் துடைத்தார். அந்த ஆளைப் பார்த்து, "நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். அவர் மனசு நோகக்கூடாது என்று. பிறகு எழுந்து வெளியே நடந்தார்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நானே ஆரம்பித்தேன். "தெரியாம நடந்ததுண்ணே. தெரியாம துன்னா குத்தமில்ல."

"அதெல்லாம் எனக்கும் தெரியும்மா. அல்லா மன்னிப்பான்." அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "நீ சொன்னியேன்னு துன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். வண்டி பழவேற்காட்டுப் பக்கம் போய்விட்டது.

மறுநாள் ஷெட்டில் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டேன். இருந்த கோபமெல்லாம் அவள்மேல் பாய்ந்தது. என்னிடம் சொல்லாமல் எப்படிப் பெட்டியைக் கொடுக்கலாம் என்று கேட்டேன். அவள் கொப்பரையிலிருந்து நண்டை வாரிக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்.

"உங்கிட்ட சொன்னா நீ கத்துவக்கா. அந்தாளு அன்னிக்கே இறங்கி வந்துக்கினு இருந்தாரு, நீ உட்டியா? பெட்டியத் தூக்கிக்கினு வந்துட்ட. சதை எல்லாம் வீணாப் போவுது. எனக்கு இந்த வேலைய உட்டா மறுபடி கம்பெனிதான், நின்னுக்கினே சாவணும். அதான் போய்க் குடுத்தேன். ஒங்க அண்ணன நீ இட்டுக்கினு போவன்னு நான் கனவா கண்டேன்?"

கொப்பரை மூடியைக் கீழே போட்டேன். அது உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது. அவள் போய் எடுத்துக் கழுவி வைத்தாள்.

நண்டு ரோலில் இப்போது நண்டு இருக்கிறது. பாதி நண்டு, பாதி குச்சி என்று கூட்டாளியின் நாக்கு சொல்கிறது. முழுசும் நண்டாக ஆகும்வரை விடமாட்டேன், அது வேறு விஷயம். ஹோட்டலிலிருந்து சதைக்கு ஆர்டர் வருகிறது. மெனுவில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

அண்ணன் இன்றும் நண்டு அனுப்புகிறார். போனில் அதே அன்பாகத்தான் பேசுகிறார், பிள்ளைகள் படிப்பை விசாரிக்கிறார். ஆனால் அந்தக் கூடை தண்ணி நண்டு என்று நான் சொன்னால், "நீயே ஒடச்சுப் பாத்தியாம்மா?" என்கிறார். கேட்டுவிட்டு உடனே பேச்சை மாற்றுகிறார். முன்பெல்லாம் இப்படிக் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். வெறுங்கையோடு போகவேண்டாம் என்று கோழிச் சால்னா வைத்து டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு போனேன். ஜும்மா முடிந்து அண்ணன் வந்தார். அண்ணி சோறு போட்டு, நான் கொண்டுவந்த சால்னாவை ஊற்றினார். சின்ன வயசிலிருந்து நான் வைத்த எதையும் முதல் ஆளாக எடுத்து வாயில் போடுகிறவர் அவர்.

"இன்னாம்மா இது?" என்றார்.

"கோழிண்ணே."

அண்ணன் சோற்றை ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டைத் தட்டு ஓரத்துக்கு நகர்த்தினார். அதை இரண்டு விரலால் பிய்த்து, உள்ளே பார்த்தார். எலும்பு தெரிந்தது. பிறகுதான் சாப்பிட்டார்.